சட்டை உரிக்கச் சொன்னது யார்?



இரவில் சமையற்கட்டு விளக்கைப் போட்டதும் சில வேளைகளில் வெள்ளை நிறத்தில் ஒரு கரப்பான் பூச்சி கண்ணில் படும். இது ஏதோ புது இனம் என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அது நாம் அன்றாடம் காணும் கரப்பான்தான். பழைய சட்டையை உரித்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. சில மணி நேரத்தில் புதுச் சட்டை இறுகிப் பழுப்பு நிறம் ஏறிவிடும்.

நம் பிள்ளைகள் வளரும்போது தோலும் கூடவே வளர்கிறது. பூச்சிகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் உடலுக்கு வெளியேதான் எலும்பு போன்ற காப்பு இருக்கிறது. கைட்டின் என்னும் பொருளால் ஆன அந்தச் சட்டை ஓரளவுக்கு மேல் விரியாது. ஆகவே உள்ளே புதுச் சட்டை தைத்துக்கொண்டு, பழையதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால்தான் பூச்சி வளர முடியும். பட்டுப்புழு 4 முறை சட்டை உரித்துவிட்டே கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் மேலும் உரித்து, கடைசியில் இறகு முளைத்த அந்துப்பூச்சியாகிறது.

இந்த வேலைக்கு ஒரு வேளை உண்டு. முன்னதாக உரித்தாலும் சாவு, பிந்தினாலும் சாவு. அப்படியானால், "இப்போது உரி" என்று உத்தரவு போடுவது யார்? அந்த உத்தரவு எதனால் ஆனது? இந்தக் கேள்விக்கு விடை தேடி மனிதர்கள் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் உழைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் மருந்தடிக்கும் நம் குடும்பங்களுக்கும் அந்த வரலாற்றில் ஒரு பங்கு இருக்கிறது. அதை இன்று காண்போம்.

நூல் கட்டிப் பார்த்தவர்

முதல் விடை போலந்து நாட்டிலிருந்து வந்தது. ஸ்டெஃபான் கோபெச் என்பவர் மரத்தழை தின்னும் ஒரு வகைக் கம்பளிப்புழுவை எடுத்துக்கொண்டார். அதன் நடு உடலை நூலால் இறுகக் கட்டினார். இரத்தம் முன்பாதியிலிருந்து பின்பாதிக்குப் போக முடியாது. சில நாள் கழித்துப் பார்த்தால் வேடிக்கை! முன்பாதி கூட்டுப்புழுவாக மாறியிருந்தது. பின்பாதி பழைய புழுவாகவே கிடந்தது. இரண்டுக்கும் இடையே ஓடும் நரம்பை மட்டும் அறுத்தபோதோ இப்படி ஆகவில்லை. முழு உடலும் மாறியது. ஆகவே உத்தரவு நரம்பு வழியே போகவில்லை, இரத்தத்தில் கலந்து போகிறது என்று அவர் முடிவு கட்டினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. புழுவின் மூளையைப் பக்குவமாக வெளியே எடுத்துப் பார்த்தார். குறிப்பிட்ட நாளுக்கு முன் எடுத்தால் புழு உயிரோடு இருந்தது, ஆனால் மாறவில்லை. அந்த நாளுக்குப் பின் எடுத்தால் மூளை இல்லாமலே மாறியது. 1917லும் 1922லும் அவர் இவற்றை வெளியிட்டார். மூளை சிந்திப்பதற்கும் உடலை அசைப்பதற்கும் மட்டுமே உள்ள உறுப்பு என்று எண்ணிய காலம் அது. மூளையே ஒரு சுரப்பியைப்போல் இரத்தத்தில் ஒரு பொருளை விடுகிறது என்றால் யார் நம்புவார்கள்? பல ஆண்டுகள் அவர் சொல் எடுபடவில்லை. 1941ல், இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றனர். தம் கண்டுபிடிப்பு முழுவெற்றி பெற்றதை அவர் காணவில்லை.

தலையில் உத்தரவு, மார்பில் வேலை

இங்கிலாந்தில் விக்கிள்ஸ்வொர்த் என்னும் அறிஞர் தென் அமெரிக்காவின் இரத்தம் குடிக்கும் மூட்டைப்பூச்சி ஒன்றை வளர்த்தார். ஒருமுறை வயிறு நிறையக் குடித்தால் அது ஒருமுறை சட்டை உரிக்கும். சோறு போட்ட நாளைக் கணக்கு வைத்தால் உரிக்கும் நாளும் தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான பூச்சி ஏது?

குடித்தவுடன் தலையை வெட்டினால் பூச்சி உரிக்கவில்லை. சில நாள் கழித்து வெட்டினால், தலையில்லாத அந்த உடலே சட்டை உரித்தது. பிறகு, முன்னதாகத் தலை இழந்த பூச்சியையும், பிந்தித் தலை இழந்த பூச்சியையும் இரத்தம் கலக்கும்படி மெழுகு வைத்து ஒட்டினார். இரண்டுமே உரித்தன! 1934ல் வெளியான இந்த ஆராய்ச்சி, உத்தரவு இரத்தத்தில்தான் போகிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிற்று. அந்த உத்தரவு மூளையிலுள்ள சில குறிப்பிட்ட உயிரணுக்களிலிருந்து புறப்படுகிறது என்பதையும் 1940ல் அவர் காட்டினார்.

ஆனால் கதை இன்னும் முடியவில்லை. அதே 1940ல் ஜப்பானில் சோய்ச்சி ஃபுகுடா என்பவர் பட்டுப்புழுவின் மார்பில், தலையை ஒட்டினாற்போல் உள்ள ஒரு மெல்லிய சுரப்பியை ஆராய்ந்தார். சட்டை உரிக்கச் செய்யும் பொருள் இங்கேதான் சுரக்கிறது என்று கண்டார். இதற்கு முன்மார்புச் சுரப்பி என்று பெயர். இந்தச் சுரப்பியை லியோனே என்பவர் 1760களிலேயே ஒரு புழுவை அறுத்துப் பார்த்துப் படம் வரைந்து வைத்திருந்தார். அது எதற்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆயின.

அப்படியானால் உத்தரவு மூளையிலிருந்தா, மார்பிலிருந்தா? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கேரல் வில்லியம்ஸ் 1947ல் இந்த வழக்கைத் தீர்த்து வைத்தார். குளிர்காலம் முழுதும் கூட்டுக்குள் உறங்கும் பெரிய காட்டுப் பட்டுப்பூச்சி ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். கூட்டுப்புழுவின் வயிற்றுப் பகுதியைத் தனியே வெட்டி எடுத்தார். அதில் விழித்தெழுந்த மூளையை மட்டும் வைத்துத் தைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. மூளையோடு முன்மார்புச் சுரப்பியையும் சேர்த்து வைத்தார், வளர்ச்சி தொடங்கியது.

விளங்கிவிட்டது அல்லவா? தோட்டத்து நடைமுறையை நினைத்துப் பாருங்கள். ஆபீசிலிருந்து உத்தரவு வருகிறது. மண்டோர் வாங்கி வேலையைத் தொடங்கி வைக்கிறார். மூளை அந்த ஆபீசைப் போன்றது. மார்புச் சுரப்பி மண்டோரைப் போன்றது. மூளையின் பொருள் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. சுரப்பி விடும் பொருள்தான் உடல் முழுதும் போய்ச் சட்டையை உரிக்க வைக்கிறது. இப்படி ஓரிடத்தில் சுரந்து இரத்தத்தோடு போய் வேறிடத்தில் வேலை செய்யும் பொருளைத்தான் ஹார்மோன் என்கிறோம்.

500 கிலோவில் 25 மில்லிகிராம்

பொருள் இருப்பது தெரிந்தது. அது என்ன பொருள்? ஜெர்மனியில் பூட்டெனாண்ட், கார்ல்சன் என்னும் இருவர் இந்த வேலையில் இறங்கினர். பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுக்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன. 500 கிலோ கூட்டுப்புழுவைக் கரைத்து, வடித்து, மீண்டும் மீண்டும் சுத்தம் செய்து, 1954ல் அவர்கள் கையில் கிடைத்தது 25 மில்லிகிராம் படிகம். விரல் நுனியில் ஒட்டும் அளவு! அதற்கு எக்டைசோன் என்று பெயர் வைத்தனர்; சட்டை உரித்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர்.

அதன் அமைப்பு 1965ல் தெளிவாயிற்று. அது ஸ்டீராய்டு என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் உடலில் ஆண்மை, பெண்மைக்குக் காரணமான ஹார்மோன்களும் அதே குடும்பந்தான். அடுத்த ஆண்டு, 1966ல், ஆஸ்திரேலியாவில் ஒரு டன் நண்டினக் கழிவிலிருந்து 2 மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது எக்டைசோனின் நெருங்கிய உடன்பிறப்பு. பூச்சியானாலும் நண்டானாலும் இறாலானாலும் சட்டை உரிக்க ஒரே வகை ஹார்மோன்தான் என்பது இதனால் தெரிந்தது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

இலையில் இருக்கும் மூலப்பொருள்

பூச்சி இந்த ஹார்மோனை எப்படித் தயாரிக்கிறது? கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்புப் பொருளிலிருந்து. மருத்துவர் நம்மைக் குறைக்கச் சொல்கிறாரே, அதே கொலஸ்ட்ரால்தான். நம் உடல் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பூச்சியால் முடியாது. 1935லேயே ஹாப்சன் என்பவர் ஈயின் புழுக்களை வளர்த்து, உணவில் கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால் அவை வளர்வதில்லை என்று காட்டினார். இலை தின்னும் புழுக்கள், இலையிலுள்ள அதே இனத்துப் பொருளைத் தின்று, அதைக் கொலஸ்ட்ராலாக மாற்றிக்கொள்கின்றன. தின்ற தழையே சட்டை உரிக்கும் உத்தரவாக மாறுகிறது என்று சொன்னால் தவறில்லை.

மார்புச் சுரப்பிக்குள் கொலஸ்ட்ரால் படிப்படியாக எக்டைசோனாக மாறுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி வேண்டும். அந்த நொதிகளைக் கண்டுபிடித்த கதை சுவையானது. பழ ஈயை ஆராய்ந்தவர்கள், சில மரபணுக்கள் கெட்டுப்போன முட்டைகளில் சட்டையே உருவாகாமல் குஞ்சு ஆவிபோலக் கிடப்பதைக் கண்டார்கள். அதனால் அந்த மரபணுக்களுக்குப் பேய், நிழல், உடலற்றது என்றெல்லாம் பெயரிட்டார்கள். ஏன் இப்படி ஆகிறது என்று 2000ஆம் ஆண்டையொட்டித்தான் விளங்கிற்று. எக்டைசோன் தயாரிக்கும் நொதிகளை உண்டாக்குவதே அந்த மரபணுக்களின் வேலை! நொதி இல்லை என்றால் ஹார்மோன் இல்லை. ஹார்மோன் இல்லை என்றால் சட்டை இல்லை. இடையிலுள்ள சில படிகள் இன்னமும் துலங்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பகுதியைக் கறுப்புப் பெட்டி என்றே அழைக்கிறார்கள்.

சுரப்பியிலிருந்து வெளியேறிய எக்டைசோன் உடலின் கொழுப்புத் திசு முதலிய இடங்களில் இன்னொரு மாற்றம் பெற்று முழு வீரியம் அடைகிறது. சுரப்பியைத் தட்டி எழுப்பும் மூளை ஹார்மோனையும் ஜப்பானிய அறிஞர்கள் இலட்சக்கணக்கான பட்டுப்பூச்சித் தலைகளிலிருந்து பிரித்தெடுத்து, 1990ல் அதன் அமைப்பை வெளியிட்டனர்.

குழந்தையாகவே வைத்திருக்கும் ஹார்மோன்

இன்னும் ஒரு ஹார்மோன் உண்டு. மூளைக்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பிகள் அதை விடுகின்றன. இளமை ஹார்மோன் என்று அதைச் சொல்வார்கள். அது இரத்தத்தில் நிறைய இருக்கும்போது எக்டைசோன் வந்தால் புழு உரித்து இன்னும் பெரிய புழுவாகும். அது குறைந்த வேளையில் வந்தால் கூட்டுப்புழுவாகும். அறவே இல்லாதபோது வந்தால் இறகுள்ள பூச்சியாகும். "உரி" என்பது எக்டைசோனின் கட்டளை. "எதுவாக உரிப்பது" என்பது இளமை ஹார்மோனின் கட்டளை.

1960களின் நடுவில் ஸ்லாமா என்னும் ஆராய்ச்சியாளர் செக் நாட்டுத் தலைநகர் பிராகிலிருந்து ஹார்வர்டுக்குச் சில பூச்சிகளைக் கொண்டுபோனார். ஊரில் ஒழுங்காக வளர்ந்த அந்தப் பூச்சிகள் அமெரிக்காவில் முதிர்ச்சி அடையவே இல்லை. பெரிய பெரிய குஞ்சுகளாகவே இருந்து செத்தன. தேடிப் பார்த்ததில், கூண்டுக்குள் போட்ட காகிதத் துண்டுதான் காரணம் என்று தெரிந்தது! அமெரிக்கக் காகிதம் செய்யப் பயன்படும் ஒரு வகை மரத்தில் இளமை ஹார்மோனைப் போன்ற பொருள் இருந்தது. தன்னைத் தின்ன வரும் பூச்சியை அந்த மரம் குழந்தைப் பருவத்திலேயே நிறுத்தி வைக்கிறது. லண்டன் நாளிதழின் தாளிலோ அந்தக் குணம் இல்லை.

செம்பனைத் தோட்டத்தில் நடந்தது

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கதைகள். நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நம் மலாயாவில் நடந்ததைப் பார்ப்போம்.

செம்பனை ஓலையைத் தின்னும் பொதிப்புழுவைத் தோட்டத்தில் உள்ளவர்கள் அறிவார்கள். மலாய் மொழியில் ஊலாட் புங்குஸ் என்பது இதுதான். ஓலைத் துணுக்கால் ஒரு பை கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்கிறது, அதற்குள்ளேயே சட்டை உரிக்கிறது, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. பெண் பூச்சிக்கு இறகே முளைப்பதில்லை. பையை விட்டு வெளியே வராமல் அங்கேயே முட்டையிட்டு மடிகிறது.

1950களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் தொடக்கம் வரை செம்பனைத் தோட்டங்களில் டி.டி.டி., டீல்ட்ரின், என்ட்ரின் முதலிய நச்சு மருந்துகளை அடித்தார்கள். பட்டதையெல்லாம் கொல்லும் மருந்துகள் அவை. ஆனால் பைக்குள் ஒளிந்திருந்த புழு பெரும்பாலும் தப்பிவிட்டது. அதைத் தேடிவந்து முட்டையிட்டுக் கொல்லும் சிறு குளவிகளுக்கு ஒளிய இடம் ஏது? அவை மடிந்தன. எதிரி இல்லாத பொதிப்புழு பல்கிப் பெருகி ஓலைகளை அரித்தது. பூச்சி பெருகியதென்று மீண்டும் மருந்து; மருந்தால் மீண்டும் பூச்சி! பிரையன் வூட் என்னும் ஆராய்ச்சியாளர் இந்த வட்டத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். கண்டபடி மருந்தடிப்பதை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது. செம்பனைப் பூச்சிகளைப் பற்றி 1968ல் அவர் எழுதிய நூல் கோலாலம்பூரில் வெளியாயிற்று.

அந்த மருந்து குளவியோடு நின்றதா? முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்கள் நம் பெற்றோர். அவர்களில் பெண்கள் பலர். பழைய மருந்துகள் தாக்கியது நரம்பை. பூச்சிக்கும் நரம்பு உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் சட்டை உரிப்பது நம் உடலில் இல்லாத வேலை. ஆகவே அந்த வேலையைக் கெடுக்கும் மருந்து கிடைத்தால், பூச்சிக்குத் தொல்லை, அடிப்பவருக்கு ஆபத்துக் குறைவு. கேரல் வில்லியம்ஸ் 1967ல் இந்த எண்ணத்தைத்தான் மூன்றாம் தலைமுறைப் பூச்சிமருந்து என்று எழுதினார்.

எண்ணம் பலித்தது. இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் மெத்தோப்ரீன் 1975ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எக்டைசோனைப் போல நடிக்கும் டெபுஃபெனோசைடு என்னும் மருந்தைத் தின்ற புழு, நேரங்கெட்ட நேரத்தில் உரிக்கத் தொடங்கி, தின்ன முடியாமல் பட்டினியால் சாகிறது. அதைச் செய்த ஆய்வுக்கு 1998ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் இதே வகை மருந்து உண்டு. பைரிப்ராக்சிஃபென் என்பது அதன் பெயர். குடிநீர்த் தொட்டியில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரை போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. இதைப் போட்ட தொட்டியில் கொசுப்புழு நெளிந்துகொண்டே இருக்கும். மருந்து பலிக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் புழு கொசுவாகிப் பறக்காது.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இந்த அறிவைக் கொல்வதற்கு அல்லாமல் வளர்ப்பதற்கே பயன்படுத்துகிறார்கள். சில செடிகளிலும் எக்டைசோன் இனத்துப் பொருள் உண்டு என்பது 1966 முதல் தெரிந்த செய்தி. தென்னிந்தியாவில் அத்தகைய பொருளை முசுக்கொட்டைத் தழையில் தெளித்துக் கொடுத்து, எல்லாப் புழுவும் ஒரே சமயத்தில் கூடு கட்டும்படி செய்கிறார்கள்.

கோயில் வேம்பும் கடல் இறாலும்

நம் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் நிற்கும் வேப்பமரத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1959ல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாப் பசுமையையும் தின்று தீர்த்தபோது, வேம்பை மட்டும் விட்டுவைத்ததை ஷ்முட்டரர் என்னும் ஜெர்மானியர் கண்டார். 1962ல் புதுடில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பிரதானும் அவருடைய துணைவர்களும், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினர். 1968ல் அதிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சிக்குத் தீனியை வெறுக்கச் செய்கிறது. அதையும் மீறித் தின்றால், மூளையிலிருந்து சுரப்பிக்குப் போகும் உத்தரவைத் தடுத்து, சட்டை உரிக்க விடாமல் செய்துவிடுகிறது. வேம்பு எளிதாகச் செய்யும் அந்தப் பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்ய மனிதருக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, 2007ல்தான் முடிந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நண்டுக்கும் இறாலுக்கும் சட்டை உரிக்க இதே வகை ஹார்மோன்தான் என்று முன்னே சொன்னோம் அல்லவா? சட்டையில் கைட்டின் உருவாகாமல் தடுக்கும் டைஃப்ளூபென்சுரான் என்னும் மருந்து புழுவைக் கொல்வதுபோல் நண்டு, இறால் குஞ்சுகளையும் கொல்லும். தோட்டத்துக் கால்வாய் ஆற்றில் சேருகிறது; ஆறு கடலில் சேருகிறது. தெங்கேராக் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற மலாக்கா நீரிணையில்தான் சிஞ்சாலோக் போடும் கெராகாவ் என்னும் சின்ன இறாலை வலைபோட்டு எடுக்கிறார்கள். நமக்கு ஆபத்துக் குறைந்த மருந்து என்பதற்காக மிச்சத்தைக் கால்வாயில் கொட்டலாமா? பம்பைக் கழுவிய நீரை ஓடையில் விடலாமா? கூடாது. கையுறை, முகமூடி இல்லாமல் அடிப்பதும் கூடாது. எந்த மருந்தும் மருந்துதான். அதன் பெயரையும், அது எதைத் தாக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அடிப்பவரின் உரிமை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வீட்டுப் பக்கத்துக் கருவேப்பிலைச் செடியிலோ எலுமிச்சைச் செடியிலோ, பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு புழு இருக்கும். கொல்லாமல், இலையோடு ஒரு போத்தலில் விட்டு, மூடியில் துளையிட்டு, தினமும் புதுத் தழை போட்டு வாருங்கள். ஒருநாள் தீனியை நிறுத்திவிட்டு அசையாமல் இருக்கும். நோய் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். தலையில் உத்தரவு பிறந்து, மார்பில் ஹார்மோன் சுரந்து, நீங்கள் போட்ட தழையே புதுச் சட்டைக்குக் கட்டளையாகிக் கொண்டிருக்கும் நேரம் அது. கடைசி முறை உரிக்கும்போது எச்சம் போன்ற அந்தப் புழு பச்சை நிறமாகும். எந்த நாளில் உரித்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். கோபெச்சும் விக்கிள்ஸ்வொர்த்தும் தொடங்கியது அப்படித்தான்.